ஆளுக்கொரு தட்டு

அத்தியாயம் 14

பஸ்ஸில் உட்கார்ந்தபடி பாப்பா ஒரு பேரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்து சீட் பெண்மணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அது ஒன்றும் வாயில் நுழையாத பேர் இல்லை. மூன்றே எழுத்து. ஆனால் அந்தப் பேருக்கு உரியவளை இத்தனை வருடமும் பாப்பா 'அண்ணி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இன்று ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம்.

போன வாரங்களை மறந்தவர்களுக்காக ஒரு நடை பின்னால் போய் வந்துவிடலாம்.

பாப்பாவுக்கு நாற்பது நெருங்குகிறது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அந்தப் பேர் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணம் நிற்கவில்லை, நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிற வேலை. வெளிச் சத்தம் உள்ளே வராத அறை, நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் பிடித்த ஆள், இந்தப் பக்கம் பாப்பா. "கேட்டா அழுத்துங்க" என்பதுதான் நாள் முழுக்க அவள் பேசுகிற பேச்சு.

வீட்டுக்கு வந்தால் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஜனத்தையெல்லாம் மாடிக்கு ஏற்றி இறக்க வழி செய்கிறவன், தன் தொண்டையிலிருந்து ஒரு வார்த்தையை மேலே ஏற்ற மாட்டான். கட்டின மனைவியோடு மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை போட்டாலாவது சமாதானம் ஆகலாம். இவன் அதுவும் போடவில்லை. கடைசியில் அண்ணி ஒரு பெட்டியோடு போய்விட்டாள். கோர்ட்டு, கையெழுத்து எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்த வீட்டில் அண்ணியின் பேச்சை எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சட்டத்தை மீறி ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் போய்ப் பார்க்கிற ஒரே ஆள் பாப்பா. தோழி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இன்று அண்ணிக்குப் பிறந்தநாள். அவளுக்கு மறுபடி ஓர் இடத்தில் கல்யாணமும் பேசி முடித்திருக்கிறது.

நேற்று அண்ணி போனில் சொன்னாள்: "அவரோட தங்கச்சியும் வர்றா பாப்பா. பழைய வீட்டோட எந்த ஒட்டும் உறவும் இல்லன்னு சொல்லித்தான் இந்தக் கல்யாணமே பேசியிருக்கு. ஒருநாள் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடேன்."

"அப்ப நான் யாருன்னு சொல்லுவீங்க?"

"ஃப்ரெண்டுன்னு. பொய்யா அது?"

பொய் இல்லைதான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பாப்பா ராத்திரி முழுக்க சந்தோஷமாகத் தூங்கினாள்.

பஸ் நின்றது. இறங்கும்போது அந்த மூன்றெழுத்தை இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

---

மண் பட்டறை ஒரு பழைய கிடங்கின் பின்பக்கத்தில் இருந்தது. நீள மேஜை, தகரக் கூரை, சுவர் முழுக்கக் காயவைத்த பாத்திரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் சேர்ந்து வந்தால் கற்றுக்கொடுப்பார்கள்.

யோசனை பாப்பாவுடையது. போன வருடம் அண்ணி தன் பிறந்தநாளை வாடகை அறையில் பாப்பாவைத் தவிர யாரும் வராமல் கழித்தாள். வந்த பாப்பாவுக்குச் சாப்பாடு போட இரண்டாவது தட்டு இல்லை, பாத்திர மூடியில் வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்துதான் தோன்றியது. எல்லாரும் சேர்ந்து போய் ஆளுக்கொரு தட்டு செய்வது. மொத்தத்தையும் அண்ணியிடம் கொடுத்துவிடுவது. யார் எப்போது அவள் வீட்டுக்குப் போனாலும் அவரவர் செய்த தட்டில் அவரவர் சாப்பிடலாம்.

அண்ணி பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து நர்சுகளும் உதவியாளர்களுமாக ஒரு கும்பல். ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு 'ரேடியோ' என்று பேர். வாயை மூடிப் பார்த்தவர் இல்லை.

"வாங்க வாங்க, இவங்கதான் காது டாக்டர்!" என்று ரேடியோ பாப்பாவைப் பிடித்து இழுத்தாள். "இந்த ஏற்பாடெல்லாம் இவங்கதான். எங்களுக்கு விட்டா கேக் வெட்டி, கையைத் தொடச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்."

"டாக்டர் இல்லீங்க. டெஸ்ட் மட்டும்தான்."

"என் காதை டெஸ்ட் பண்ணுங்களேன். என் வீட்டுக்காரர் என்ன கேட்டாலும் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"அவருக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும்" என்றாள் ஒரு நர்ஸ். "உன்கூட இருந்தும் காது மிச்சம் இருக்கான்னு பாக்கணுமே."

மேஜை அதிர்கிற சிரிப்பு. அண்ணி ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றிவிட்டு நின்றாள். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பார்க்க நிறைவாக இருந்தது பாப்பாவுக்கு. அண்ணி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த ஒரு சிமிட்டலுக்காகவே இரண்டு பஸ் மாறி வரலாம்.

அண்ணிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் இளம்பெண். மழலைப் பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளையின் தங்கை.

"அண்ணி, இது சரியா? அண்ணி, இங்க பாருங்களேன். அண்ணி, உங்க மூக்குல மண்ணு."

வாய்க்கு வாய் அண்ணி. பாப்பா தன் மண் உருண்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

பட்டறை மாஸ்டர் காட்டிக்கொடுத்தார். மண்ணைப் பலகையில் வைத்து உருளையால் தேய்க்க வேண்டும். தேய்த்ததைக் கவிழ்த்த அச்சின்மேல் போர்த்தி, ஓரத்தைக் கம்பியால் நறுக்க வேண்டும்.

"ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெலிசுன்னு இருந்தா சூளையில வெடிச்சிடும். பக்கத்துல இருக்கற தட்டையும் கெடுக்கும்" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் ரேடியோ.

அரைமணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாப்பா தட்டின் விளிம்பில் சின்னச் சின்ன இலைகள் கீறினாள். ஆஸ்பத்திரியைப் பற்றி யாரோ கேட்டார்கள், பதில் சொன்னாள். ஒரு நர்ஸ் அவள் தட்டைப் பார்த்து, "கை வேலை சுத்தம்!" என்றாள். கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுலபமா என்று பாப்பாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் அண்ணியின் முழங்கை பட்டது. பலகை மேஜை விளிம்பைத் தாண்டி, மேலே இருந்த தட்டோடு சரியத் தொடங்கியது.

"அண்ணி!"

"அண்ணி! பலகை!"

இரண்டு குரல். ஒன்று டீச்சருடையது. இன்னொன்று யாருடையது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி பலகையைப் பிடித்துவிட்டாள். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

பாப்பாவின் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. தொழில்காரி அவள். அந்தச் சத்தம் எப்போது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். சுற்றிலும் வேறு சத்தமே இல்லாதபோதுதான்.

ரேடியோதான் காப்பாற்றினாள்.

"பாத்தியா? டீச்சர் காலைலேருந்து அண்ணி அண்ணின்னு ஓதுனதுல காது டாக்டருக்கே தொத்திக்கிச்சு! எனக்கும் வாயில வந்துடும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அண்ணி, தண்ணி பாட்டிலைக் குடுங்க அண்ணி!"

கொல்லென்று சிரிப்பு. விளையாட்டு பற்றிக்கொண்டது. "அண்ணி, கத்தரிக்கோல்!" "அண்ணி, கேக் எப்ப?" "அண்ணி கோவமா?" நர்சுகள், உதவியாளர்கள் என்று ஆளாளுக்கு அண்ணி. மாஸ்டர்கூடக் கூச்சத்தோடு, "அண்ணி, ஓரத்தை இன்னும் கொஞ்சம் நறுக்குங்க" என்றார்.

பாப்பாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்.

இத்தனை வருடமாக அவள் ஒருத்தி மட்டும் சொல்லிவந்த வார்த்தை. இப்போது மேஜையைச் சுற்றிக் கை மாறிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அவளைத் தவிர. மற்றவர்கள் சொன்னால் கேலி. அவள் இன்னொரு தடவை சொன்னால் அது உண்மையாகிவிடும்.

"அந்தக் கம்பியைத் தர்றீங்களா?" என்று கேட்டு, கடைசியில் அண்ணியின் பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுத்த ஆளைக் கூப்பிடுவது போல ஒலித்தது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

---

கை கழுவுகிற தொட்டி கிடங்கின் பின்கோடியில் இருந்தது. பாப்பா நகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, உங்க யோசனை சூப்பர். கல்யாணம் முடிஞ்சதும் இந்தத் தட்டெல்லாம் எங்க வீட்டு ஷெல்ஃப்லதான் இருக்கப்போகுது. நீங்களும் கண்டிப்பா வரணும்."

"வர்றேன்."

"பாவம்க்கா அண்ணி. எவ்வளவு பட்டிருக்காங்க தெரியுமா? உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே."

"கொஞ்சம் சொன்னாங்க."

"அந்தாளைக்கூட விடுங்க. அந்த வீட்ல ஒரு நாத்தனார் இருந்தாளாம்க்கா!"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கல்யாணம் ஆகாதவளாம். அண்ணன் பொண்டாட்டி சந்தோஷமா இருக்கறது பொறுக்காதாம். இவங்க சமைச்சு வெச்சுட்டு நகர்ந்தா, போய் உப்பை அள்ளிப் போட்டுடுவாளாம். போன் பேசினா கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பாளாம். அண்ணன்காரன் காதுல ஓதி ஓதியே பிரிச்சுட்டாளாம்."

"உப்பா?" என்றாள் பாப்பா.

"ஆமாக்கா, உப்பு! கேட்டதும் எங்கம்மா அழுதே போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கல்யாணத்துக்கே சரின்னாங்க. மனுஷிங்களா அவங்கல்லாம்?"

"இருப்பாங்க" என்றாள் பாப்பா. "நாலு விதமாவும் இருப்பாங்க."

அந்த வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறக்கிற ஆள் அண்ணி. அம்மா வாயில் வைப்பதற்குள் ஓடிப்போய்க் கலந்துவிட்டு வந்தவள் பாப்பா. ஒருவேளை இந்தக் கதை அங்கிருந்துதான் முளைத்ததோ என்னவோ.

---

காயவைக்கும் தட்டிகளுக்குப் பின்னால் அண்ணி தன் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா நேராகப் போய் நின்றாள்.

"நான்தான் பிரிச்சேன்னு சொல்லியிருக்கீங்களா?"

அண்ணி திரும்பவில்லை. தட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள், பிறகு வலப்பக்கம்.

"யாரு சொன்னா?"

"சொன்னீங்களா இல்லையா அண்ணி?"

"மெதுவா பேசு." அண்ணி சுற்றிலும் பார்த்தாள். "வேற என்ன சொல்லச் சொல்ற? உங்கண்ணன் அடிக்கல. குடிக்கல. இன்னொருத்திய வெச்சுக்கல. மூணு வருஷம் பேசல. அதைத்தான் பாப்பா முதல்ல சொன்னேன். சத்தியமா அதைத்தான் சொன்னேன். அவங்கம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'பேசலைன்னா விட்டுட்டு வந்துடுவியா?'ன்னு. 'நாளைக்கு என் பையன் ரெண்டு நாள் பேசலைன்னா?'ன்னு."

பாப்பா தட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தன் பேசாம இருந்தா என்ன ஆகும்னு யாருக்கும் புரிய வைக்க முடியல. குளிக்கப் போனா குழாயத் திறந்து விட்டுட்டு நானே எனக்குப் பேசிக்குவேன். அதைச் சொன்னா என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. அப்புறம் வாய் தவறி நாத்தனார்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த கேள்வி இல்ல. அத்தனை பேருக்கும் ஒரே நிமிஷத்துல புரிஞ்சு போச்சு. மீதியை அவங்களே சொல்லிட்டாங்க. நான் தலையை மட்டும் ஆட்டினேன்."

"உப்பு?"

"அது நான் சொன்னதுதான்" என்றாள் அண்ணி, சின்னக் குரலில். "ஏதாவது ஒண்ணு சொல்லணுமேன்னு..."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் எரிந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. நானே இன்னும் நல்லதா நாலு கொடுமை யோசிச்சுக் குடுத்திருப்பேனே."

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா பாப்பா? உன் பேரை வெச்சுத்தான் நான் தப்பிச்சேன். உங்கண்ணனைத் தாங்கினது மாதிரி இதையும் கொஞ்ச நாள் தாங்கிக்கோ. கல்யாணம் முடியட்டும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. முதலில் கேட்டது பாப்பாவுக்குத்தான். கேட்டும் பயன் இல்லை, டீச்சர் வந்தே விட்டாள். கேக் வெட்டக் கூப்பிட வந்தவள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முழுக்கக் கேட்கவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் 'உங்கண்ணன்' கேட்டிருக்கிறது.

"நீங்கதானா அது?"

அண்ணி வாயைத் திறந்தாள். "இல்லம்மா, இவ வந்து..." அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை.

பாப்பா நினைத்துப் பார்த்தாள். ஓர் உண்மை போதும். 'நான் எதுவும் செய்யல, அவங்க சொன்னது பொய்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முடித்தால் அண்ணி பொய்க்காரி. கல்யாணத்துக்குச் சரி சொன்ன அதே வாய், வேண்டாம் என்று சொல்லும். மறுபடியும் வாடகை அறை. மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டுப் பேச்சு.

"ஆமா" என்றாள். "நான்தான்."

"உப்பு..."

"போட்டதும் நான்தான்."

"கிளினிக் ஃப்ரெண்டுன்னு சொன்னாங்க? இந்த ஏற்பாடெல்லாம் நீங்க பண்ணதுன்னு சொன்னாங்க?"

"பாவம் பண்ணவ ஏதாவது பண்ணித்தானே ஆகணும்? மன்னிப்புக் கேக்க வந்தேன். அவங்க கூப்பிடல, நானா வந்து ஒட்டிக்கிட்டேன். பொறந்தநாளும் அதுவுமா சண்டை வேணாம்னு உங்ககிட்ட மறைச்சிருப்பாங்க. இப்பத்தான் திட்டிட்டு இருந்தாங்க. இனிமே வரமாட்டேன்."

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. திரும்பி அண்ணியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்களையா உள்ள விட்டீங்க? உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு அண்ணி."

பாப்பா அண்ணியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும், சத்தம் காதில் விழுந்ததா இல்லையா என்று. சிலருக்கு விழும், ஆனால் விரல் பட்டனில் அப்படியே நின்றுவிடும்.

அண்ணிக்கு விழுந்தது. அழுத்தவில்லை.

பாப்பா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். மேஜைப் பக்கம் போய்ப் பையை எடுத்தபோது, "ஐயோ, கேக் வெட்டப்போறோம், எங்க ஓடறீங்க?" என்று ரேடியோ கத்தினாள். அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பாப்பா ஏதோ சொன்னாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள். பலகையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. டீச்சர் அவற்றைக் குனிந்து பார்த்து, இலை கீறியதை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தாள்.

---

வீட்டுக் கதவைத் திறந்தபோது சாயங்கால வெயில் கூடத்தில் பாதிவரை வந்திருந்தது. உள் அறையில் அம்மாவின் டிவி முழுச் சத்தத்தில் ஓடியது. அண்ணன் தரையில் உட்கார்ந்து மேஜை மின்விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தான்.

பாப்பா அவனைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு என்ன செய்வது என்று யோசித்தாள். துணி துவைக்கலாம். அதற்கு அடுத்த ஞாயிறு எது என்று யோசிக்கத் தைரியம் வரவில்லை.

"அங்கதானே போன?"

டம்ளர் கையில் அப்படியே நின்றது. அண்ணன் சமையலறை வாசலில் நின்றான். கையில் திருப்புளி.

"எங்க?"

"இன்னிக்கு அவ பொறந்தநாள்."

அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து எத்தனை காலம் ஆயிற்று! குரல் கரகரத்தது, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல.

"ஞாயித்துக்கிழமைல நீ போறது எனக்குத் தெரியும். எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

அவன் தலையை ஆட்டினான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. திருப்புளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"நான் அவகிட்ட பேசணும் பாப்பா. எங்க இருக்கான்னு சொல்லு."

பட்டறையில் வராத கோபம் அப்போது வந்தது.

"இப்பவா?" என்றாள். "இப்பவாண்ணா?"

"ஏன் பேசாம இருந்தேன்னு அவகிட்ட சொல்லணும்." அவன் குரலைத் தாழ்த்தினான். கண் உள் அறைப் பக்கம் போய்த் திரும்பியது. "யாரு பேசக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொல்லணும்."

பாப்பா வாயைத் திறப்பதற்குள் உள் அறையில் டிவி சத்தம் சட்டென்று நின்றது.